ஊர்தியின் நெற்றிப் பெயர்

மகிழுந்தின் முகப்பிலும் பின்புறத்திலும் பளபளவென்று பதித்திருக்கும் பெயர்த் தகட்டை உதிரிப்பாகக் கடைக்காரர் 'மோனோகிராம்' என்பார்; பட்டறையில் 'எம்ப்ளம்' என்பார்கள். தமிழ்த்துறையின் மலருக்கு எழுதப் புகுந்த யாம் அதற்கொரு நல்ல தமிழ்ச் சொல்லைத் தேடுவது இயல்பே. இலச்சினை, முத்திரை, சின்னம், பொறி எனச் சொற்கள் பல முன்வந்து நிற்கின்றன. முத்திரை என்றால் அஞ்சலகம் நினைவுக்கு வருகிறது. சின்னம் என்றால் தேர்தல் நினைவுக்கு வருகிறது. ஆதலின் அவ்விரண்டையும் இயன்றவரை விலக்கிவிட்டுப் பொறி, இலச்சினை என்னும் இரண்டையுமே இக்கட்டுரையில் ஆள்கிறோம். பொறி என்பது இயந்திரத்தையும் குறிக்குமே என்று பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கேட்கலாம். குறிக்கட்டும், ஐம்பொறியையும் எலிப்பொறியையும் ஒரே சொல்லால் சொல்லி வாழ்ந்துவிட்ட இனம் நாம்.

பொறிக்கு நம் இலக்கியத்தில் நெடிய மரபு உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடலிலிருந்து கரைக்கு இறங்கிய பண்டங்களுக்கும், கரையிலிருந்து கடலுக்குச் சென்ற பண்டங்களுக்கும் சுங்கம் கொள்வோர் சோழனின் புலிப்பொறியை இட்ட செய்தியைப் பட்டினப்பாலையில் படிக்கிறோம். பொறி பெற்ற மூட்டை கணக்கில் ஏறிய மூட்டை, அஃதில்லாதது ஐயத்திற்குரியது. ஆகப் பொறி என்பது வெறும் அணியன்று. இப்பொருள் இன்னாருடையது, இன்ன வழியில் வந்தது என்று காண்பவருக்குச் சொல்லும் வாக்குமூலம் அது. சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் இலச்சினையைப் படத்திலேனும் பார்க்காத தமிழ் மாணவர் இருக்கலாகாது. புலி அமர்ந்திருக்கும், அருகிலேயே பாண்டியரின் இரு கயலும் சேரரின் வில்லும் இருக்கும். வென்றவன் தோற்றவனின் பொறியை அழித்தெறியவில்லை. தன் இலச்சினைக்குள்ளேயே அதற்கும் ஓர் இடம் கொடுத்து வைத்தான். அது பெருந்தன்மையா, பெருமிதமா என்பதை வரலாற்றுத்துறை நண்பர்கள் வாதிட்டு முடிவு செய்யட்டும். எமக்கு அந்தச் செப்பு முத்திரை வேறொரு காரியத்திற்குப் பயன்பட்டது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

பழைய ஊர்திகளின் இலச்சினை துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. அதன்மேல் செம்பு, நிக்கல், குரோமியம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சு ஏற்றுவார்கள். பின்புறத்தில் இரண்டோ மூன்றோ சிறு முளைகள் இருக்கும். பானெட்டின் தகட்டில் துளையிட்டு, முளைகளை அத்துளைகளில் நுழைத்து, உட்புறத்திலிருந்து கிளிப் மாட்டிவிடுவார்கள். அவ்வளவுதான் அதன் இரகசியம். இந்த அமைப்பில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. துளை இருப்பதால் இலச்சினை கோணாமல் அதே இடத்தில் நிற்கும். அந்தத் துளையின் வழியாகவே மழைநீர் இறங்கித் தகட்டைத் துருவும் அரிக்கும். ஆண்டுகள் பல ஆனபின் கழற்ற முயன்றால் துத்தநாக முளை முறிந்து கையோடு வந்துவிடும். குரோமியத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்துவிட்டால் மறுபூச்சு ஏற்றுவதும் எளிதன்று. பழைய பூச்சை நீக்கும் அமிலமே அடியிலுள்ள துத்தநாகத்தையும் தின்றுவிடும்.

இன்றைய ஊர்திகளில் பெரும்பாலும் முளையும் இல்லை, துளையும் இல்லை. குரோமியம் பூசிய பிளாஸ்டிக் எழுத்துகளை, நுரைபோன்ற இருபக்க ஒட்டுநாடாவால் நேரே வண்ணத்தின்மேல் ஒட்டிவிடுகிறார்கள். அதனை எடுக்க வேண்டுமாயின் திருப்புளியை நுழைத்து நெம்பலாகாது. நெம்பினால் எழுத்து வருமுன் வண்ணம் வந்துவிடும். தலைமுடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்கிப் பசை இளகியதும், தூண்டில் நரம்பை எழுத்தின் பின்னே கொடுத்து, இருமுனையும் பற்றி அரம்போல் இழுக்க வேண்டும். எழுத்து விடுபட்டு வரும். பசை மட்டும் வண்டியிலேயே தங்கிவிடும். அதனைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டித்தான் எடுக்க வேண்டும். எம் தெருவில் ஓர் இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுதும் இவ்வாறு விரலால் உருட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, தறி நெய்பவரின் பொறுமை இக்காலத்தும் அழிந்துவிடவில்லை என்று மகிழ்ந்தோம். புதிய எழுத்தை ஒட்டுமுன் காகித நாடாவால் கோடு குறித்துக்கொள்வதும், ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதும், ஒட்டியபின் ஒரு நாளேனும் நீர் படாமல் வைப்பதும் தெரிந்தவர் செய்யும் முறை.

இத்தனையும் செய்தபின் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் எடுத்த பெயர் இன்னும் தெரியும். பல்லாண்டு வெயிலில் சுற்றிலும் வெளுத்த வண்ணத்தின் நடுவே, எழுத்தின் நிழலில் இருந்த பகுதி மட்டும் வெளுக்காமல் அடர்த்தியாக நிற்கும். சுவரில் நெடுநாள் தொங்கிய படத்தைக் கழற்றியபின் தெரியும் கட்டத்தைப் போன்றது அது. மெருகு மாவை இட்டுப் பலமுறை தேய்த்தால் மங்கும். முற்றும் போவது அரிது.

ஏன் மாற்றுகிறார்கள்? பலர் மாற்றுவது ஆசையால். குறைந்த விலை வகையை வாங்கியவர் கூடிய விலை வகையின் எழுத்துகளை வாங்கி ஒட்டிக்கொள்கிறார். 1983இல் வெளிவந்த மாருதி 800இன் உள்ளிருந்த நுட்பம் ஜப்பானின் சுசுகியுடையது. வெளியில் இருந்ததோ மாருதியின் பெயர். அந்நாளில் சுசுகியின் எழுத்தைத் தனியே வாங்கி ஒட்டிக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறோம். 2007இல் அந்நிறுவனமே மாருதி சுசுகி என்று தன் பெயரை மாற்றிக்கொண்டபோது அவர்கள் முன்கூட்டியே சரியாகச் செய்தவர்கள் ஆகிவிட்டார்கள்! வேறு சிலர் கூச்சத்தால் மாற்றுவர். விலை உயர்ந்த வகையை வாங்கிவிட்டுக் கண்ணேறு வேண்டாமென்று எழுத்தை எடுத்துவிடுவர். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ போன்ற நிறுவனங்கள், வாங்குவோர் விரும்பினால் வகைப் பெயர் இல்லாமலேயே வண்டியைத் தருவதுண்டு. பெருமையை மறைப்பதற்கும் ஒரு பெருமை வேண்டியிருக்கிறது. அரசாங்கச் சுழல்விளக்குகள் 2017 மே முதல் நாள் தொடங்கி மந்திரிமாரின் வண்டிகளிலிருந்தே இறங்கிவிட்ட பின்னும், கண்ணாடியில் தம் உத்தியோகத்தை ஒட்டிக்கொள்ளும் ஆசை நம்மவரை விடவில்லை. சென்னையில் 2024 மே மாதம் காவல்துறை அவ்வகை ஒட்டுகளின்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று.

தனிமனிதர் மாற்றுவது ஒருபுறமிருக்க, நம் நாட்டில் ஒரு தலைமுறைக் காலம் ஊர்தித் தொழிலே பொறி மாற்றும் தொழிலாக இருந்தது என்றால் மிகையாகாது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை, 1950களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் அம்பாசிடர் ஆயிற்று. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்று பிறந்தது, 1961இல் சென்னைப் புறநகரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. இதில் ஒரு விந்தை உண்டு. ஸ்டாண்டர்டு என்னும் பெயர் அதன் பிறந்த நாட்டில் 1963இலேயே மகிழுந்துகளிலிருந்து மறைந்துவிட்டது. நம் சென்னையில் அது 1980களின் பிற்பகுதி வரை வாழ்ந்தது. தாய்வீட்டில் மறந்த பெயரைப் புகுந்த வீடு காத்தது என்க. அம்பாசிடரின் கதை இதற்கு நேர்மாறு. 2014இல் உத்தர்பாராத் தொழிற்சாலை நின்றது. 2017இல் பிரான்சின் பியூஜோ நிறுவனம் அம்பாசிடர் என்னும் பெயரை எண்பது கோடி ரூபாய்க்கு வாங்கியது. வண்டியை அன்று, பெயரை!

மும்பையின் பிரிமியர் நிறுவனத்தின் வரலாறும் இத்தகையதே. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய அந்நிறுவனம், இத்தாலியின் பியட்டோடு கூடி 1950களில் பியட் 1100 என்னும் வண்டியைத் தந்தது. 1964இல் வந்தது பியட் 1100 டிலைட். பியட்டின் பெயரை ஆளும் உரிமை முடிந்ததும் அதே வண்டி 1970களின் தொடக்கத்தில் பிரிமியர் பிரசிடெண்ட் என்றும், 1974 முதல் பிரிமியர் பத்மினி என்றும் பெயர் பெற்றது. 1089 கன சென்டிமீட்டர் கொண்ட அதே இயந்திரம்; ஸ்டீயரிங்கின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அதே கியர்த் தண்டு; கதவைச் சாத்தும்போது எழும் அதே ஓசை. பெயர் மட்டும் புதிது. மக்களோ பெயர் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளவே இல்லை. தமிழ்நாட்டில் இறுதிவரை அது 'பியட் காரு'தான்.

பத்மினி என்பது சித்தூர் அரசியின் பெயர். இக்கல்லூரி மாணவர்க்கு அப்பெயர்பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. அப்பெயரை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் சூஃபிக் கவிஞர் மாலிக் முகம்மது ஜாயசி. 1540இல் அவதி மொழியில் அவர் இயற்றிய காப்பியம் பத்மாவத். அதில் ஹீராமன் என்றொரு கிளி உண்டு. அரசியின் அழகை அக்கிளி சொல்லக் கேட்ட மாத்திரத்திலேயே சித்தூர் மன்னன் அவளைத் தேடித் துறவியாய்ப் புறப்படுகிறான். காணாத ஒன்றை அதன் புகழால் மட்டுமே தேடிச் செல்வதை ஆன்மாவின் பயணமாக ஜாயசி பாடினார். நானூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெயர் மும்பைத் தொழிற்சாலையில் குரோமியம் பூசி வெளிவந்தது. கவிஞர் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இனி எம் வீட்டுச் செய்திக்கு வருகிறோம்.

எம் அத்தா அரிசி வணிகர். கும்பகோணத்தை அடுத்த எம் ஊரில் அந்நாளில் மகிழுந்து வைத்திருந்த வீடுகள் நான்கோ ஐந்தோ. அவற்றுள் ஒன்று எம் வீடு. அத்தா 1971இல் பழைய வண்டியொன்றை வாங்கினார்கள். கருநீல வண்ணம். எமக்கு அப்போது வயது மூன்று. ஆதலால் அவ்வண்டியின் முதல் உருவம் எம் நினைவில் இல்லை. எமக்குத் தெரிந்ததெல்லாம் பானெட்டில் 'பிரிமியர்' என்றும் டிக்கியின் வலப்புற ஓரத்தில் 'பத்மினி' என்றும் எழுதிய வண்டிதான். பள்ளியில் எம்மை அழைத்துவர அது வந்து நிற்கும்போது, கூடப் படித்தோர் அந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிப்பார்கள். 2006இல் அத்தா மறைந்தார்கள். பின்னும் மூன்றாண்டு தம்பி அதனை ஓட்டினான். 2009இல் ரேடியேட்டர் பழுதாகிக் கொட்டகையில் நின்ற வண்டி அங்கேயே நின்றுவிட்டது. நெல் அவிக்கும் பழைய அண்டாக்களும் கோழிக் கூண்டும் அதற்குத் துணையாயின.

2023 அக்டோபர் இறுதியில் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி, இருபதாண்டு வரம்பு முடிந்து ஓய்வுபெற்ற செய்தி நாளேடுகளில் வந்தது. அதனைப் படித்துவிட்டு எம் அக்காவின் மகன் மறுவாரமே வந்து நின்றான். "மாமா, நன்னாவோட வண்டியை இப்படியே மக்க விடலாமா?" என்றான். அவன் இயந்திரம் படித்தவன். சொல்வதோடு நில்லாமல் செய்பவன். உடன்பிறந்தார் அனைவரிடமும் சம்மதம் பெற்று, வண்டியை லாரியில் ஏற்றித் திருச்சியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றான்.

நான்கு வாரம் கழித்துப் பட்டறையிலிருந்து தொலைபேசி வந்தது. யாமும் மருமகனும் சென்றோம். பழைய வண்ணத்தை முழுதும் சுரண்டித் தகட்டை வெறுமையாக்கி வைத்திருந்தார்கள். டிங்கர் வேலை செய்யும் பெரியவர் பானெட்டின் முகப்பைத் தொட்டுக் காட்டினார். பிரிமியர் எழுத்தின் துளைகளுக்குச் சற்றுக் கீழே மூன்று வெண்ணிறப் பொட்டுகள் இருந்தன. "ஈயம் காச்சி அடைச்சிருக்காங்க சார். இது மொத ஓட்டை. இதுல வேற எம்ப்ளம் இருந்திருக்கு. டிக்கியிலயும் இதே மாதிரி. நல்ல கைவேலை, புட்டி வெச்சு ஏமாத்தலை" என்றார். தம் தொழிலில் முன்னோர் ஒருவரைப் பாராட்டும் மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது. மருமகன் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். அத்தாவின் பீரோவில் கட்டுக் காகிதங்களுக்கு நடுவே கிடந்த அப்புத்தகத்தைப் பிள்ளைகள் நாங்கள் ஐவரும் அதுநாள்வரை விரித்துப் பார்த்ததில்லை. தயாரிப்பு ஆண்டு 1967. வகை, பியட் 1100 டி. பத்மினி என்னும் பெயரே பிறவாத ஆண்டு அது.

மருமகனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்த திருத்தத்தை அவன் மனப்பாடமாய்ச் சொன்னான். முதற்பதிவாகி ஐம்பதாண்டு கடந்த வண்டி, அதன் மூல வடிவிலேயே பேணப்பட்டு, அடிச்சட்டமும் உடற்கூடும் இயந்திரமும் பெரிதும் மாற்றப்படாமல் இருந்தால் அதனைப் பழம்பெரும் ஊர்தியாகப் பதியலாம். புதுப்பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய், பத்தாண்டு செல்லும், எண் பலகையில் தனி எழுத்தும் உண்டு. கோவையில் பழைய ஊர்திகளைச் சேர்க்கும் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார் என்றும் சொன்னான். அவருடைய நிபந்தனை ஒன்றே: பத்மினி எழுத்துகளை எடுத்துவிட்டு, பழைய துளைகளைத் திறந்து, பியட்டின் இலச்சினையை வைத்துத் தர வேண்டும். "மாமா, இது பொய்யான பேரு. நெசமான பேரை வெச்சுட்டா விலையும் கூடும்" என்றான். விதியில் இலச்சினை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் வாங்குவோர் கண்ணுக்கு அதுவே முதலில் படுகிறது. தம்பிக்கும் விற்பதில் விருப்பம் இருந்தது. அவன் வீட்டு மாடி ஒழுகிக்கொண்டிருந்தது.

பொய்யான பெயர் என்ற சொல் எம்மை உறுத்தியது. அத்தா ஏன் மாற்றினார்கள்? எடைக்கல்லில் ஒரு தோலா குறைந்தாலும் கடைப் பையனைக் கடிந்துகொள்ளும் மனிதர் அவர்கள். ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் கேட்டோம். அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. கேள்வியைக் கேட்டதும் சிறிதுநேரம் வெற்றிலைப் பெட்டியை மூடுவதும் திறப்பதுமாய் இருந்தார்கள். பின்னர்ச் சொன்னதை அவர்கள் மொழியிலேயே தருகிறோம்.

"ஒங்க அத்தா புது வண்டிக்குப் பணம் கட்டி வெச்சிருந்தாங்க. அப்பல்லாம் பணம் கட்டுனா வருசக்கணக்குல காத்துக் கெடக்கணும். ஒங்க அக்காவுக்குச் சம்பந்தம் பேசுனப்ப, 'கல்யாணத்துக்கு முந்தி புது வண்டி வந்துரும், மாப்பிள்ளையை அதுலதான் அழைச்சுட்டு வருவோம்'னு சம்பந்தி வீட்ல வாய்விட்டுச் சொல்லிட்டாங்க. அவுங்க கேக்கல, இவுங்களாத்தான் சொன்னது. அந்த வருசம் யாவாரம் படுத்துப்போச்சு. மொறை வந்துருச்சுன்னு கடுதாசி வந்தப்ப கையில கல்யாணப் பணம் மட்டுந்தான் இருந்துச்சு. 'வண்டியா, கல்யாணமா?'ன்னு என்கிட்ட கேட்டாங்க. நான் என்ன சொல்லுவேன்? மெட்ராஸ் போனவங்க நாலு நாள் கழிச்சு வந்தாங்க. அதே வண்டிதான், புதுசா பெயிண்ட் அடிச்சு, புதுப்பேட்டையில வாங்குன எழுத்தையும் வெச்சுக் கொண்டாந்தாங்க. 'இந்தா, ஒன் பத்மினி வந்துட்டா'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்ச மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

1978ஆம் ஆண்டு அது. சென்னைக்குச் சென்ற அத்தா கைப்பெட்டியில் எமக்குப் பென்சில் பெட்டி வாங்கி வந்தது எம் நினைவில் இருக்கிறது. வண்டியின் பெயர் மாறி வந்தது நினைவில் இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் கண் எதைப் பார்க்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று யாரால் சொல்ல இயலும்?

அம்மா தொடர்ந்தார்கள். "மாப்பிள்ளையை அழைச்சுட்டு வர கூத்தாநல்லூருக்கு வண்டி போச்சு. சம்பந்தி வாசல்ல நின்னாங்க. அவுங்க பர்மாவுல வண்டி வெச்சிருந்தவங்க, அவுங்களுக்கா தெரியாது? சுத்தி வந்து பாத்தாங்களாம். டிக்கியில அந்த எழுத்து மேல கையை வெச்சுத் தடவுனாங்களாம். ஒங்க அத்தாவைப் பாத்து, 'பத்மினி நல்லா ஓடுதா?'ன்னு கேட்டாங்களாம். இவுங்க தலையைக் குனிஞ்சுட்டாங்க. 'அல்ஹம்துலில்லாஹ், நல்ல வண்டி, ஏறுங்க எல்லாரும்'னு அவுங்களே கதவைத் தொறந்து விட்டாங்களாம். அத்தோட சரி. மௌத்தாகுற வரைக்கும் அவுங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வரல. ஒங்க அத்தா ஒவ்வொரு பெருநாளுக்கும் மொத ஆளா அவுங்க வீட்டுக்குத்தான் போனாங்க."

மருமகன் திண்ணையின் ஓரத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். சம்பந்தி என்று அம்மா சொன்னது அவனுடைய தாதாவை. அவர் மடியில் வளர்ந்தவன் அவன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கோவைக்காரருக்குத் தொலைபேசியில் வண்டி விற்பனைக்கு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டித்தான். தம்பியின் மாடி ஒழுக்கு அதனால் நிற்கப்போவதில்லை என்பதும் உண்மைதான். அதற்கு வேறு வழி செய்துகொண்டோம். தம்பியும் முகம் சுளிக்கவில்லை.

விற்காவிட்டாலும் எந்தப் பெயரை வைப்பது என்னும் கேள்வி அப்படியே நின்றது. பதிவுப் புத்தகம் பியட் என்கிறது. அதனை மறுத்து நெற்றியில் வேறு எழுதி ஓட்டுவது இனி எம்மால் ஆகாது. அறிந்தபின் எழுதும் பெயர் வேறு, அறியாமல் ஓட்டிய காலம் வேறு. அதே சமயம் பத்மினி என்னும் எழுத்தைப் பொய் என்று கழித்துக் குப்பையில் இடவும் மனம் ஒப்பவில்லை. ஒரு தகப்பனின் முட்டுப்பாடும், அதனைக் கண்டும் காணாதவராய் நின்ற மற்றொரு பெரியவரின் கையும் அதன்மேல் பட்டிருக்கின்றன. வகுப்பில் சோழர் செப்பேட்டின் படத்தைக் கரும்பலகையில் மாட்டிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் எமக்கு வழி புலப்பட்டது. புலியோடு கயலும் இருக்கட்டுமே!

பட்டறைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் முதலில் தயங்கினார். முன்னே ஒரு பெயரும் பின்னே ஒரு பெயருமாய் விடுவது தம் தொழிலுக்கு இழுக்கு என்றார். காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னோம். அதன்பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பானெட்டின் ஈயப் பொட்டுகளைச் சூடாக்கி உருக்கி எடுத்தார். மூன்று துளைகளும் 1967இல் இட்ட அளவிலேயே வட்டமாய்த் திறந்தன. புதுப்பேட்டையில் மருமகன் இரண்டு நாள் அலைந்து தேடிய பியட் இலச்சினையின் முளைகள் அவற்றில் தட்டாமல் இறங்கின. பிரிமியர் எழுத்தின் துளைகளை அவரும் ஈயம் காய்ச்சியே அடைத்தார், புட்டி வைக்கவில்லை. டிக்கியின் பத்மினியை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். குரோமியம் உதிர்ந்து அடியிலுள்ள செம்பு தெரிகிறது. மறுபூச்சு ஏற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அதனைக் கழற்றாமலேயே சுற்றிலும் காகிதம் ஒட்டி மறைத்துக் கருநீல வண்ணம் அடித்து முடித்தார்.

பழம்பெரும் ஊர்தியாகப் பதிவதையும் விட்டுவிட்டோம். அவ்வாறு பதிந்தால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பட்டறைக்கும் மட்டுமே ஓட்டலாம். அன்றாடப் பயணத்திற்கு ஆகாது. அம்மா அதனைக் கேட்டுவிட்டு, "ஒரு மனுசரை வீட்டுக்கு அழைச்சுட்டு வர முடியாத வண்டி என்னத்துக்கு?" என்றார்கள். 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்திருந்த புதுப்பித்தல் கட்டணத்தையும், காலம் தாழ்ந்ததற்கான தொகையையும் செலுத்திச் சாதாரணப் பதிவையே புதுப்பித்தோம்.

இச்செய்தியை மலரில் எழுதலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்டோம். மறைத்தவரும் மறைக்கப்பட்டவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பேர் போடாமல் எழுது என்றார்கள்.

2024 மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் அக்காவை அழைத்துவர அவ்வண்டியிலேயே கூத்தாநல்லூர் சென்றோம். அம்மா முன்னிருக்கையில் அமர்ந்தார்கள், மருமகன் ஓட்டினான். வழியில் எண்ணெய் போடும் இடத்தில் நின்றபோது முதியவர் ஒருவர், "பியட்டா தம்பி? எந்த வருசம்?" என்று கேட்டுக்கொண்டே முன்புறம் வந்தார். பின்புறம் சென்று எழுத்தைப் பார்த்துவிட்டு, குழப்பத்துடன் மீண்டும் முன்புறம் வந்தார். மருமகன் சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். இந்த வேலைகள் ஒன்றையும் யாம் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வண்டி ஓடுகிறது என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். பெட்டியை வைக்க மருமகன் டிக்கியைத் திறக்கப் போனபோது, "இருடா" என்று அவனைத் தடுத்தாள். அறுபத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு வண்டியைச் சுற்றி மெல்ல நடந்து பின்புறம் வந்தாள். செம்பு தெரியும் அந்த எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவினாள்.

"என்ன, பத்மினி நல்லா ஓடுதா?" என்றாள்.

முன்னிருக்கையிலிருந்த அம்மா திரும்பி அவளைப் பார்த்தார்கள். அக்கா முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு பின்கதவைத் திறந்து ஏறினாள். யாம் ஒன்றும் கேட்கவில்லை. அஸருக்குள் ஊர் வந்து சேர்ந்தோம்.